நியூரானாக மாறும் ஸ்டெம் செல்: சவ்வு லிப்பிட் மாற்றம் காரணமா, கூடவே வருவதா?

தறிநூல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு புராஜெக்டுக்காக மனித ஐபிஎஸ் செல்களை (சாதாரண உடல் செல்லிலிருந்து செய்த ஸ்டெம் செல்) நியூரல் புரோஜெனிட்டர் (நியூரானுக்கு முந்தைய செல்) வரை கொண்டுபோகிறேன். 2009-ல் வந்த இரட்டை ஸ்மாட் தடுப்பு முறைதான், ஸ்மாட் என்ற சிக்னல் வழிகளைத் தடுக்கும் நாகினும் எஸ்பி431542-ம் போட்டு 11 நாள் வரை போவது. ஸ்டெம் செல் அடையாளமான ஆக்ட்4 இறங்க வேண்டும், நியூரல் அடையாளமான பாக்ஸ்6 ஏற வேண்டும், இது வரைக்கும் குழப்பமில்லை. இப்போது கைடு மேடம், செல் சவ்வின் லிப்பிட்கள் (கொழுப்புகள்) எப்படி மாறுகின்றன என்றும் பார்க்கச் சொல்கிறார்.

நான் படித்தவரை ஒரு செல் என்னவாக மாறும் என்பதை முடிவு செய்வது ஜீன்களை இயக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் காரணிகள். சவ்வு என்பது எல்லை, அதில் ரிசெப்டார் புரதங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் நாங்கள் லேபில் எல்லோரும் ஸ்டெம் செல் அடையாளமாக ஸ்டெயின் பண்ணும் எஸ்எஸ்இஏ-4 புரதமே இல்லை, அது ஒரு லிப்பிட் என்று போன வாரம் படித்ததிலிருந்து மண்டை குடைகிறது.

என் கேள்வி இதுதான். நியூரானாக மாறும்போது லிப்பிட் மாறுவது அந்த மாற்றத்துக்குக் காரணமா, இல்லை செல் மாறியதால் அதுவும் மாறுகிறதா? இரண்டாவது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாத சின்ன லேபில் எந்த லிப்பிட்டைப் பிடித்தால் உருப்படியான பதில் கிடைக்கும்?

படலம் எழுதியது:

மேடம் நல்ல வேலையைத்தான் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 இரண்டுமே கிளைக்கோஸ்பிங்கோலிப்பிட்கள். செரமைடு என்ற கொழுப்புப் பகுதி சவ்வின் வெளி அடுக்கில் புதைந்திருக்கும், அதன் தலையில் கோத்த சர்க்கரைகள் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செரமைடில் முதலில் குளுக்கோஸ், பிறகு காலக்டோஸ் சேர்ந்து லாக்டோசில்செரமைடு வரும். இந்த இடம்தான் முச்சந்தி. ஏ4கால்டி என்ற நொதி இன்னொரு காலக்டோஸைச் சேர்த்தால் குளோபோ வழி: ஜிபி3, ஜிபி4, அப்புறம் எஸ்எஸ்இஏ-3, கடைசியில் எஸ்எஸ்இஏ-4. எஸ்டி3கால்5 என்ற நொதி சியாலிக் அமிலத்தைச் சேர்த்தால் கேங்கிளியோசைடு வழி: ஜிஎம்3, அதிலிருந்து ஒரு கிளையில் ஜிஎம்1, ஜிடி1ஏ, இன்னொரு கிளையில் ஜிடி3, அதன் வழியாக ஜிடி1பி, மூன்று சியாலிக் அமிலம் கொண்டவை என்று போகும். முதிர்ந்த நியூரானின் சவ்வில் நிறைய இருப்பது இந்தப் பெரிய கேங்கிளியோசைடுகள்தான்.

மனித எம்ப்ரியானிக் (கருவிலிருந்து எடுத்த) ஸ்டெம் செல் குளோபோ வழியில் இருக்கிறது. அதை நியூரல் பக்கம் திருப்பினால் குளோபோ குறைந்து, கேங்கிளியோசைடுகள், முக்கியமாக ஜிடி3, மேலே வருகின்றன. அதே செல்லை எண்டோடெர்ம் (குடல், கல்லீரல் போன்றவை உருவாகும் அடுக்கு) பக்கம் திருப்பினால் எஸ்எஸ்இஏ-3, 4 இரண்டும் காணாமல் போகின்றன, ஆனால் கேங்கிளியோசைடு கிட்டத்தட்ட வருவதே இல்லை, ஜிபி4 கூடுகிறது. அதனால் 'டிஃபரென்ஷியேட் ஆனாலே (வேறு வகைச் செல்லாக மாறினாலே) லிப்பிட் இப்படித்தான் மாறும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்ற லிப்பிட் வருகிறது.

இனி உங்கள் காரணமா, விளைவா என்ற கேள்வி. 2018-ல் எம்போ ஜர்னலில் வந்த ஒரு வேலையை முதலில் படியுங்கள். குளோபோ லிப்பிட்கள் ஏயுடிஎஸ்2 என்ற எபிஜெனட்டிக் ஒழுங்குபடுத்தியை (ஜீன்களின் இயக்கத்தை மாற்றும் புரதம்) அடக்கி வைக்கின்றன. குளோபோ குறைந்தால் ஏயுடிஎஸ்2 எழுகிறது. அது நேராகப் போய் ஜிஎம்3 உண்டாக்கும் நொதியின் ஜீன் புரமோட்டரில் உட்கார்ந்து அதை இயக்குகிறது, கூடவே நியூரல் ஜீன்களும் ஏறுகின்றன. அதாவது சவ்விலிருக்கும் லிப்பிட் நியூக்ளியஸ் வரை பேசுகிறது, நியூக்ளியஸ் திரும்ப லிப்பிட்டை மாற்றுகிறது. இப்படி ஒரு சுற்று ஓடும்போது எது முதல், எது பின் என்று ஒற்றைக்கோடு போட முடியாது.

எலியில் ஜிடி3-யின் கதை இன்னும் தெளிவு. நியூரல் ஸ்டெம் செல்லின் மேல்பரப்பில் ஜிடி3 அதிகம். அது ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ரிசெப்டாரோடு சேர்ந்து இருக்கிறது. ஜிடி3 நொதி இல்லாத எலியின் செல்லில் ஈஜிஎஃப் வந்து ஒட்டியதும் ரிசெப்டார் உள்ளே போகும், ஆனால் மறுபடி மேலே வராமல் சிதைவுக்குப் போய்விடும். விளைவாக ஸ்டெம் செல் தன்னைத்தானே புதுப்பிக்கும் திறன் குறைகிறது, இது 2013-ல் வந்தது. இங்கே ஜிடி3 செய்வது நியூரானாக மாற்றுவது இல்லை என்பதைக் கவனியுங்கள், ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருப்பது. லிப்பிட் நியூரானாக்குகிறது என்று மொத்தமாகச் சொன்னால் இதுவே இடிக்கும்.

ஐயம்_கேள் எழுதியது:

படலம் சொன்ன தகவல்களில் தவறில்லை, ஆனால் தறிநூல் இதைப் படித்துவிட்டு ஆய்வறிக்கையில் 'லிப்பிட்டே சுவிட்ச்' என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக எதிர்ப்பக்கத்தை வைக்கிறேன்.

2007-ல் மனித எம்ப்ரியானிக் ஸ்டெம் செல்களில் கிளைக்கோஸ்பிங்கோலிப்பிட் உற்பத்தியையே மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 இரண்டும் மேல்பரப்பிலிருந்து போய்விட்டன. ஆனால் செல்களின் புளூரிபொட்டென்சி (எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறன்) போகவில்லை. அடையாளமாக உலகமே பயன்படுத்தும் ஒன்று அந்த நிலைக்குத் தேவையே இல்லை என்று ஆனது.

அடுத்தது 1996-ன் எலி. ஜிஎம்2, ஜிடி2 உண்டாக்கும் நொதியின் ஜீனை எடுத்துவிட்டார்கள், பெரிய கேங்கிளியோசைடு ஒன்றுமே கிடையாது. மூளை உருவானது, நியூரான்கள் இருந்தன, எலி பிறந்து வளர்ந்தது. வயதாக ஆகத்தான் ஆக்ஸான் சிதைவும் நடைக் கோளாறும் வந்தன. மனிதரிலும் அதே ஜீன் கெட்டால் வருவது பரம்பரை ஸ்பாஸ்டிக் பாராபிளீஜியா, கால்கள் மெல்ல மெல்ல விறைத்துப்போகும் நோய், இது 2013-ல் தெரிந்தது. நியூரான் பிறப்பதற்கு இந்த லிப்பிட் வேண்டும் என்று இது காட்டவில்லை, பிறந்த நியூரான் நீடித்து நிற்க வேண்டும் என்றுதான் காட்டுகிறது. என் கருத்தும் அதுதான்: பெரும்பாலான சவ்வு லிப்பிட்கள் பராமரிப்பு வேலை செய்கின்றன, முடிவெடுக்கும் வேலை இல்லை.

லிப்பிட் ராஃப்ட் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1997-லிருந்து ஓடும் கருதுகோள், கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட்டும் சேர்ந்த சின்னத் திட்டுகளில் ரிசெப்டார்கள் கூடுகின்றன என்பது. அளவு 10 முதல் 200 நானோமீட்டர் என்கிறார்கள், பெரும்பாலும் சாதாரண ஒளி நுண்நோக்கியின் பிரிதிறனுக்குக் கீழே. உங்கள் லேபில் மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டு கொலஸ்ட்ராலை உறிஞ்சிவிட்டு, 'ராஃப்ட் உடைந்தது, டிஃபரென்ஷியேஷன் நின்றது' என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கொலஸ்ட்ராலை அப்படி உருவினால் செல்லில் ஆயிரம் விஷயம் கெடும், பாதி செல் செத்தும் போகும்.

படலம் எழுதியது:

ஐயம்_கேள், சைக்ளோடெக்ஸ்ட்ரின் பற்றி முழுக்க உடன்படுகிறேன். ஆனால் 1996 எலியை நீங்கள் அதன் எல்லையைத் தாண்டி இழுக்கிறீர்கள். அந்த எலியில் ஜிஎம்3-யும் ஜிடி3-யும் அப்படியே இருந்தன, சொல்லப்போனால் சேர்ந்து குவிந்திருந்தன. ஆரம்ப கட்டத்தில் வேலை செய்வதாக நாம் பேசுவதே அந்த இரண்டையும்தான். குளுக்கோசில்செரமைடு நொதியையே எடுத்து, இந்தக் குடும்பம் முழுவதையும் வேரோடு நீக்கிய எலிக்கரு கேஸ்ட்ருலேஷன் (கரு அடுக்குகள் பிரியும்) கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. நரம்புத் திசுவில் மட்டும் அதே நொதியை எடுத்தால் குட்டி பிறக்கிறது, ஆனால் மூன்று வாரத்துக்குள் இறக்கிறது, நியூரான் கிளைகள் சரியாக வளரவில்லை. பின்னது உங்கள் பக்கத்துக்குச் சாதகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மனிதரில் ஜிஎம்3 நொதியே இல்லாமல் பிறந்த குழந்தைகளும் உண்டு. 2004-ல் அமெரிக்காவின் ஆமிஷ் சமூகக் குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். பச்சிளம் வயதிலேயே கடுமையான வலிப்பு, வளர்ச்சி நின்றுபோகிறது. நியூரான்கள் இல்லாமல் அவர்கள் பிறக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு நடப்பதை 'பராமரிப்புக் குறை' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைநலம் எழுதியது:

நான் குழந்தை மருத்துவத்தில் பயிற்சியில் இருப்பவள். காரணமா விளைவா என்பதற்கு நேரடிப் பதில் தருவது ஒரு நோய், அதை யாரும் இங்கே சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்: ஸ்மித் லெம்லி ஒபிட்ஸ் சிண்ட்ரோம்.

கொலஸ்ட்ரால் உற்பத்தியின் கடைசிப் படியில் டிஎச்சிஆர்7 என்ற நொதி 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ராலாக மாற்றுகிறது. இந்த ஜீன் கெட்டால் கொலஸ்ட்ரால் குறையும், முந்தைய பொருள் குவியும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த ஒன்றால் சிறிய தலை, ஒட்டிய கால்விரல்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் வருகின்றன. ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது, மூளை தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ள வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளையில், உடலின் மொத்த கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிறது என்றால் அங்கே அதன் தேவை எவ்வளவு என்று பாருங்கள்.

2016-ல் நேச்சர் மெடிசினில் இந்த நோயாளிகளின் செல்லிலிருந்து ஐபிஎஸ் செய்து நியூரல் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். புரோஜெனிட்டர்கள் பெருக வேண்டிய நேரத்தில் முன்கூட்டியே நியூரானாக மாறத் தொடங்கின. கொலஸ்ட்ரால் குறைந்ததாலா, முந்தைய பொருள் குவிந்ததாலா என்றும் பிரித்துப் பார்த்தார்கள்: குவிந்ததுதான் காரணம். அது விண்ட் என்ற வளர்ச்சி சிக்னலின் ரிசெப்டார் கூட்டு உருவாவதையே நேராகத் தடுக்கிறது, பீட்டா கேட்டனின் சிக்னல் குறைகிறது. விண்ட் சிக்னலை வெளியிலிருந்து தூண்டினால் அந்தக் கோளாறு வரவில்லை.

சவ்வில் ஒரு ஸ்டெரால் மாறியது, ரிசெப்டார் கெட்டது, நியூரானாகும் நேரம் மாறியது, சிக்னலைத் திருப்பிக் கொடுத்தால் சரியானது. ஐயம்_கேள் கேட்கும் மாதிரியான சங்கிலி முழுசாக இருக்கிறது. முடிவு என்பது 'ஆவதா வேண்டாமா' என்பது மட்டும் இல்லை, 'எப்போது' என்பதும் முடிவுதான். புரோஜெனிட்டர் சீக்கிரம் நியூரானாகிவிட்டால் கையிருப்பு தீர்ந்துபோகும், அந்தக் குழந்தைக்கு அதுதான் பிரச்சினை.

ஐயம்_கேள் எழுதியது:

டாக்டர், இந்த எடுத்துக்காட்டை ஏற்கிறேன், மறுப்பு இல்லை. 'எப்போது' என்பதை நான் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. கேங்கிளியோசைடு விஷயத்தில் மட்டும் என் நிலை மாறவில்லை.

மீன்கொத்தி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், டிஎச்ஏ மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு மூளை செல் அதிகமாகும் என்று கடையில் சொல்கிறார்கள். இந்த லிப்பிட் விஷயம்தானா அது?

குழந்தைநலம் எழுதியது:

அண்ணா, அதே குடும்ப விஷயம்தான், ஆனால் கடையில் சொல்வது அளவுக்கு மீறியது. டிஎச்ஏ மூளைச் சவ்வில் நிறைய இருக்கும் கொழுப்பு அமிலம், கருவின் மூளைக்குத் தேவை என்பதும் உண்மை. 2006-ல் எலி நியூரல் ஸ்டெம் செல்லில் டிஎச்ஏ சேர்த்தபோது நியூரானாக மாறுவது கூடியது. ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு ஊற்றுவதும் கர்ப்பிணி விழுங்குவதும் ஒன்றல்ல. மூளைக்குள் அது போவதற்கே எம்எஃப்எஸ்டி2ஏ என்ற தனிக் கடத்தி வேண்டும், லைசோபாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற வடிவில்தான் அது ஏற்றிக்கொள்ளும். 2014-ல் சிங்கப்பூரில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கடத்தியின் ஜீன் கெட்ட குழந்தைகளுக்குத் தலை சிறுத்துப்போகிறது. செல் எண்ணிக்கையைக் கூட்டும் மாத்திரை என்று யாரும் நிரூபிக்கவில்லை. தங்கையைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னால் சொன்ன அளவில் எடுக்கட்டும்.

தறிநூல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பாக டாக்டர் அக்காவுக்கு. அப்படியானால் என் செல்களிலும் டிஎச்ஏ சேர்த்துப் பார்க்கலாமா? இல்லை ஜிடி3-யை மட்டும் பார்ப்பதா? இங்கே இருப்பது ஃப்ளோ சைட்டோமீட்டர், ஃப்ளோரசன்ஸ் நுண்நோக்கி, ஆர்டி-பிசிஆர் (ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளப்பது), அவ்வளவுதான்.

வளர்ப்பறை எழுதியது:

தம்பி, எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் நீ எந்த மீடியத்தில் செல் வளர்க்கிறாய் என்று சொல்லவில்லை. இந்தத் துறையில் பலர் கோட்டைவிடும் இடம் அதுதான்.

ஈ8 என்ற மீடியத்தில் வளர்த்தால் அதில் லிப்பிட்டே கிடையாது, பெயருக்கேற்றபடி எட்டே பொருள். செல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளும். 2019-ல் ஒரு ஆய்வு, லிப்பிட் இல்லாத மீடியமே மனித ஸ்டெம் செல்லின் நிலையை மாற்றிவிடுகிறது, லிப்பிட் திரும்பக் கொடுத்தால் பழைய நிலைக்கு வருகிறது என்று காட்டியது. இப்போது நீ டிஃபரென்ஷியேஷனுக்காக பி27 என்ற சேர்மானம் இருக்கும் மீடியத்துக்கு மாறுகிறாய். பி27-இல் லினோலிக், லினோலெனிக் அமிலம் இருக்கிறது. சவ்வு லிப்பிட் மாறியிருக்கும். செல் நியூரல் ஆனதால் மாறியதா, நீ ஊட்டியதால் மாறியதா? அதனால் ஒரு தட்டில் அதே பி27 மீடியம், ஆனால் நாகினும் எஸ்பியும் இல்லாமல், ஸ்டெம் செல்லாகவே தக்கவைக்கும் காரணிகளோடு ஓட்டு. இந்தக் கண்ட்ரோல் இல்லாமல் எந்த லிப்பிட் முடிவையும் நான் நம்ப மாட்டேன்.

டிஎச்ஏ இந்தப் புராஜெக்டுக்கு வேண்டாம் என்பேன். 22 கார்பன், ஆறு இரட்டைப் பிணைப்பு, காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகும், ஆல்புமினில் கட்டாமல் போட்டால் செல்லுக்கே விஷம். அதைவிடப் பெரிய சிக்கல், அது சவ்வில் மட்டும் வேலை செய்யவில்லை. நியூக்ளியஸில் ஆர்எக்ஸ்ஆர் ரிசெப்டாரில் ஒட்டும், 2000-லேயே தெரியும். செல்லுக்குள் சினாப்டமைடு என்ற பொருளாக மாறி ஜிபிஆர்110 வழியாகவும் நியூரானாவதைக் கூட்டும். பலன் கிடைத்தாலும் அது சவ்வால் வந்தது என்று உன்னால் சொல்ல முடியாது.

உன்னிடம் இருப்பதை வைத்துக் குளோபோவிலிருந்து கேங்கிளியோசைடுக்குப் போகும் மாற்றத்தைப் பிடி. எஸ்எஸ்இஏ-4 ஆன்டிபாடி ஏற்கெனவே வைத்திருக்கிறாய், ஜிடி3-க்கு ஆர்24 என்ற ஆன்டிபாடி கிடைக்கும். இரண்டையும் ஃப்ளோவில் ஒன்றாகப் பார்க்கலாம். ஆர்டி-பிசிஆரில் ஏ4கால்டி, எஸ்டி3கால்5, ஜிடி3-க்கான எஸ்டி8சியா1, கூடவே ஏயுடிஎஸ்2, ஆக்ட்4, பாக்ஸ்6. ஜிஎம்1 பார்க்க வேண்டுமானால் காலரா டாக்ஸினின் பி துணையலகு இருக்கிறது, ஆனால் அது சில ஃபியூகோஸ் சேர்ந்த கிளைக்கோபுரதங்களிலும் ஒட்டும், அதை மட்டும் நம்பி எழுதாதே.

ஸ்டெயின் பண்ணுவதில்தான் அதிகம் கவனம். புரதத்துக்குச் செய்வது போல டிரைட்டன் போட்டுத் துளைபோட்டால் லிப்பிட்டும் கரைந்து போகும் அல்லது இடம் மாறும். மெத்தனால், அசிட்டோன் பக்கமே போகாதே, அவை லிப்பிட்டைப் பிரித்தெடுக்கப் பயன்படும் கரைப்பான்கள். பாராஃபார்மால்டிஹைடு புரதங்களைத்தான் பிடித்துக் கட்டும், லிப்பிட் சவ்வில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதன் மேல் ஆன்டிபாடி போட்டால் லிப்பிட்களை இழுத்துச் சேர்த்துப் புள்ளிபுள்ளியாக்கும், பார்ப்பவர் அதை ராஃப்ட் என்று படம் போடுவார். உயிருள்ள செல்லை ஐஸில் வைத்துக் குளிரில் ஸ்டெயின் பண்ணு, பிறகு ஃபிக்ஸ் பண்ணு. கொலஸ்ட்ராலுக்கு ஃபிலிப்பின் போட்டால் சீக்கிரம் ஒளி மங்கிவிடும், படத்தை உடனே எடு.

படலம் எழுதியது:

வளர்ப்பறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூன்றாம், நான்காம் நாளிலிருந்தே மாதிரி எடுங்கள், 0-ம் நாளையும் 11-ம் நாளையும் மட்டும் ஒப்பிட்டால் எது முந்தியது என்று தெரியாது. பாக்ஸ்6 வருவதற்கு முன்பே ஏ4கால்டி இறங்கிவிட்டால் லிப்பிட் முன்னால் போகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் முந்தி வருவதால் மட்டும் காரணமாகிவிடாது, இங்கே ஐயம்_கேள் சொல்வதைக் கேளுங்கள். ஏ4கால்டி-யை எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனை மட்டும் அடக்கும் சிறு ஆர்என்ஏ) வைத்துக் குறைத்து, எஸ்எஸ்இஏ-4 உண்மையிலேயே இறங்கியதா என்று ஃப்ளோவில் உறுதி செய்துகொண்டு, ஏயுடிஎஸ்2-வும் பாக்ஸ்6-ம் சீக்கிரம் ஏறுகின்றனவா என்று பாருங்கள். மேடத்திடம் எஸ்ஐஆர்என்ஏ-வுக்குப் பணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஐயம்_கேள் எழுதியது:

எஸ்ஐஆர்என்ஏ வேண்டும், மருந்து வேண்டாம். குளுக்கோசில்செரமைடு தடுப்பானைப் போட்டால் இரண்டு வழியும் ஒன்றாக அடைபடும், கூடவே செரமைடு குவியும். செரமைடு குவிந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான், பிரியும் செல்களில் பிஏஆர்-4 புரதம் போய்ச் சேரும் மகள் செல் சாகும், மற்றது பிழைக்கும் என்று 2003-லேயே எலி செல்லில் காட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே செரமைடு மாதிரியான ஒரு பொருளை வைத்து, நியூரல் செல்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் புளூரிபொட்டென்ட் செல்களை மட்டும் கொன்று, மாற்றி வைத்த இடத்தில் டெரடோமா என்ற கட்டி வராமல் தடுத்தார்கள். அது நல்ல உத்தி, ஆனால் உங்கள் தட்டில் அதுவே நடந்தால் பாக்ஸ்6 சதவீதம் தானாக ஏறும். செல் மாறியதால் இல்லை, மாறாதவை செத்ததால். அதனால் ஒவ்வொரு நாளும் உயிருள்ள செல் எண்ணிக்கையையும், சாகும் செல்லைக் காட்டும் அனெக்ஸின் ஸ்டெயினையும் சேர்த்தே எடுங்கள்.

தறிநூல் எழுதியது:

மீடியம் ஈ8-தான், டிஃபரென்ஷியேஷனுக்கு பி27. அந்தக் கண்ட்ரோல் தட்டு என்னிடம் இல்லை, திங்கள்கிழமை தொடங்கும் பேட்சில் சேர்க்கிறேன். ஆர்24 ஆன்டிபாடி கேட்டு மேடத்துக்கு மெயில் போட்டுவிட்டேன். எஸ்ஐஆர்என்ஏ பற்றி நேரில்தான் கேட்க வேண்டும். முதல் ஃப்ளோ முடிவு வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.